ஆறாம் பெட்டியில் ஒரு தச்சர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய தவறு: ஆறாம் பெட்டியின் ரீலைப் பக்கம் மாற்றி மாட்டிப் பார்த்திருக்கிறேன். இன்று மட்டும் அல்ல, போன வாரம் முழுவதும்.

காப்பகப் பணிக்காக நான் படிக்கும் மாலை வகுப்பில் சார் சொன்ன முறைப்படி இந்தக் குறிப்பேட்டை எழுதுகிறேன். முதலில் அன்றைய தவறு, கடைசியில் மறுநாள் வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும். வகுப்பில் மற்றவர்கள் தவறே செய்யாத நாள்களில் என்ன எழுதுகிறார்களோ தெரியவில்லை. எனக்கு அந்தச் சிக்கல் இதுவரை வந்ததில்லை.

நான் வேலை பார்ப்பது பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் காப்பகத்தில், மூன்றாம் மாடியில் ஓர் அறையில். ஜன்னல் உண்டு; வெளிச்சம் படக்கூடாது என்று கறுப்புத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வேலை பார்த்த ஒரு ரயில்வே பொறியாளர், தன் சொந்தக் கேமராவில் எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. அவற்றைச் சிறு திரை வைத்த, கையால் சுற்றும் மேசையில் மாட்டிப் பார்த்து, காட்சிக்கு ஓர் அட்டை எழுத வேண்டும். கதை இல்லாத படங்கள். சத்தமும் இல்லை. பெண்கள் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். மரத்தடியில் ஒருவர் முகம் மழித்துக்கொள்கிறார். குமாஸ்தாக்கள் குடை பிடித்து வேலைக்கு நடக்கிறார்கள். எல்லோரும் ஒரு கணம் நின்று என்னைப் பார்க்கிறார்கள். என்னை என்று எழுதிவிட்டேன், பொறியாளரை. சில இடங்களில் அவருடைய நிழல் தொப்பியோடு தரையில் விழுந்திருக்கிறது. பெட்டியின் மேல் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார், வீட்டு நாயின் பெயரும் எழுதியிருக்கிறார். பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

இந்தப் படத்துக்கு இரண்டு ஓரத்திலும் துளைகள் உண்டு. அதனால் எந்தப் பக்கமாக மாட்டினாலும் ஓடிவிடும். பக்கம் மாறினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடவலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு மாட்ட வேண்டும் என்பது விதி. எழுத்து மங்கியிருந்தது. பார்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது தட்டியது. சைக்கிளின் சங்கிலி எப்போதும் வலது பக்கம். ஆறாம் பெட்டியில் தெருக்காட்சியில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். அவருடைய சங்கிலி இடது பக்கம். மேலே ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரக்கு வண்டியின் மேலிருந்த எண்ணும் திரும்பியிருந்தது.

பிரிவுத் தலைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, ஆறாம் பெட்டி முழுக்க மாத்திப் போட்டுப் பார்த்திருக்கேன்."

"தலைகீழாவா?"

"இல்லக்கா. இடது, வலது."

"அட போடி. தலைகீழா ஓட்டியிருந்தாலாவது சிரிச்சிருக்கலாம். இதை யாரு கண்டா?"

"கீழ கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோமே தச்சர் போட்டோ, அதுவும் இதுலேர்ந்து எடுத்ததுதான்."

"அதையும் மாத்திடு. யாரும் அதைப் பார்த்து ராத்திரி தூங்காம இல்ல."

உண்மைதான். தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் 'இவர்களை உங்களுக்குத் தெரியுமா?' என்று எழுதி, மாதம் ஒரு படம் வைக்கிறோம். நான் சேர்ந்ததிலிருந்து ஒருவரும் தெரியும் என்று வந்ததில்லை.

நாளை: ஆறாம் பெட்டி அட்டைகளைத் திருத்தி எழுதுவது. போட்டோவை மாற்றுவது.

மார்ச் 5, புதன்

இன்றைய தவறு: வாயைத் திறக்கவில்லை.

போட்டோவை எடுக்கக் கீழே இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்பதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த பை. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் அண்ணன் என்னைக் காட்டி, "இவங்கதாங்க படத்துக்கு ஆளு" என்றார்.

பெரியவர் திரும்பினார். "ஏம்மா, இது எந்த ஊர்ல எடுத்தது?"

பெட்டியில் இருந்த ஊரைச் சொன்னேன்.

"ரயில் பெட்டி கட்டுற பட்டறை?"

"ஆமாங்கய்யா."

"அப்ப இது எங்கப்பா" என்றார். பேருந்து எண்ணைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்தார். "பாரு. மரச்சுத்தி இடது கையில. உளி வலது கையில."

அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டாராம். போட்டோ ஒன்றும் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான்: அந்த ஊர்ப் பட்டறையில் தச்சர், இடது கைக்காரர். "எங்கம்மா சாகுற வரைக்கும் யாராவது இடது கையால வேலை செஞ்சா, வேலையை விட்டுட்டுப் பார்த்துக்கிட்டே நிப்பா."

"ஐயா, அந்தப் போட்டோவுல ஒரு..." என்று ஆரம்பித்தேன். நிஜமாக ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டார். வாட்ச்மேன் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகமெல்லாம் பல். பெரியவரை மேலே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஓடும் படத்தையே காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டார்.

நான் அக்காவைத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன். "அக்கா, கை மாறியிருக்கு. அவர் இடது கைக்காரர் இல்ல."

"ஊர் சரி. பட்டறை சரி. காலம் சரி. கோர்ட்டுல பாதி வழக்கு இதைவிடக் குறைஞ்ச சாட்சியில முடிஞ்சுடுதுடி."

"ஆனா அவர் கையை வச்சுத்தானே..."

"அந்தக் கிழவர் மூஞ்சியைப் போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு, நீ சொல்லப் போறியான்னு."

போய்ப் பார்த்தேன். டீயைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அணைந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில்தான் ரீலைச் சரியான பக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். அதைக் கழற்றி, பழையபடி தப்பாக மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன். தச்சர் இடது கையால் சுத்தியலை ஓங்கி அடித்தார், சத்தம் வரவில்லை. பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டினார்.

நாளை: தெரியவில்லை. அட்டைகள் அப்படியே இருக்கின்றன.

மார்ச் 6, வியாழன்

பெரியவர் மறுபடி வந்தார். ஒரு பெரிய கடையில் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் இயக்கியவராம். "ஆயுசு பூரா ஏறி இறங்கினேன், எங்கேயும் போய்ச் சேரல" என்றார். வாட்ச்மேன் அண்ணன் அதற்குள் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்.

மகன், மருமகள், பேரன் எல்லோரோடும் ஒரே வீட்டில் இருக்கிறார். "எல்லாரும் தங்கமானவங்க. ஆனா ஒருத்தரும் வீட்ல இருக்க மாட்டாங்க" என்றார். நான் சிரித்தேன். இந்த அறையில் நான் சிரித்து எனக்கே கேட்டது முதல் தடவை என்று நினைக்கிறேன். மிகைப்படுத்துகிறேனோ என்னவோ.

ரீலைத் தெரிந்தே தப்பாக மாட்டுவது நேற்று கஷ்டமாக இருந்தது. இன்று கை தானாகச் செய்தது. இதைத்தான் இன்றைய தவறாக எழுத வேண்டும்.

"நிறுத்து, நிறுத்து. அந்த மூக்கைப் பாரும்மா. என் மூக்குதானே?"

"பக்கவாட்டுல தெரியுதுங்கய்யா, சரியா..."

"என் மூக்குதான். எனக்கு முப்பது வயசுல இதே மூக்கு. இப்ப வயசாகிக் கொஞ்சம் இறங்கிடுச்சு." பிறகு தானே சிரித்தார். "இவரைப் பாரு, என் பேரனைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். நான் போய் அப்பான்னு கூப்பிட்டா, யோவ் பெரியவரே வழியை விடுய்யான்னு சொல்லுவாரு."

ஒரு பிரதி கேட்டார். அக்கா உடனே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அச்சு இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது, சரியான பக்கத்துக்குத் திருப்பி எடுத்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். சொல்லாமல் சொன்னதாகிவிடும். அவரே வீட்டில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதுதான் அது, கோழைத்தனம். திருப்பாமலே எடுத்துக் கொடுத்தேன். அதுவும் கோழைத்தனம்தான்.

நாளை: எட்டாம் பெட்டியைத் துடைத்து வைப்பது.

மார்ச் 7, வெள்ளி

பெரியவர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் நான் டப்பாவைத் திறந்ததும், "இங்க உனக்குக் கூட யாரும்மா?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வருவாங்க. மத்தவங்க கீழ் மாடி."

"அப்ப நீ தனியாத்தான்."

"படத்துல நெறைய பேர் இருக்காங்களே ஐயா."

"அவங்க ஒரு பிஸ்கட்டாவது எடுத்து நீட்டுறாங்களா?" என்று பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

இன்றைய தவறு: அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, இவருக்கு உண்மை தெரிந்தால் அடுத்த வாரம் இந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைத்தேன். நான் சொல்லாமல் இருப்பது அவருக்காக என்று இந்த மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாடகை அறையைக் கூட்டித் துடைத்தேன். துணி துவைத்தேன். மதியத்துக்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாமல், வகுப்புக் குறிப்புகளை இன்னொரு நோட்டில் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அம்மா போன் செய்தாள்.

"அங்க யாராவது பேசுறாங்களாடி உங்கிட்ட?"

"பேசுறாங்கம்மா. ஒரு பெரியவர் தினமும் வர்றாரு."

"பெரியவரா? வயசுப் பையன் எவனும் வர்றதில்லையா?"

"இங்க வர்ற வயசுப் பசங்க எல்லாம் செத்து அம்பது வருஷம் ஆச்சும்மா."

 "வேற வேலை பாரு" என்றாள் அம்மா.

நாளை: எப்படியானாலும் அட்டைகளைத் திருத்தி முடிப்பது.

மார்ச் 10, திங்கள்

பெரியவர் வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

ரீலைச் சரியான பக்கமாக மாட்டி, அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டேன். வேலை எளிது: இடது என்று இருக்கும் இடத்தில் வலது, வலது என்று இருக்கும் இடத்தில் இடது. தெரு முடிந்தது, குளம் முடிந்தது. பட்டறைக் காட்சி வந்தது. நடுவில் நிற்கும் தச்சரின் அட்டையில் 'இடக்கையால் சுத்தியல்' என்பதை அடித்து 'வலக்கையால்' என்று எழுதினேன்.

அதே காட்சியில் கோடியில் சுவர் ஓரம் ஒருவர் நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரியும். போன வாரம் 'பின்னால் ஒருவர், வலக்கையால் ரம்பம் இழுக்கிறார்' என்று எழுதி, அதற்கு மேல் அவரை நான் கவனிக்கவே இல்லை. விதிப்படி 'வலக்கையால்' என்பதை அடித்தேன். 'இடக்கையால்' என்று எழுதினேன்.

எழுதியதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

மேசையைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி பார்த்தேன். மெலிந்த ஆள். சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருக்கிறது. இடது தோள் முன்னும் பின்னும் போகிறது. நடுவில் நிற்கிறவர்கள் எல்லோரும் பொறியாளரின் கேமராவுக்காகக் கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் பெருமையாக வேலை செய்கிறார்கள். இவர் மட்டும் திரும்பவே இல்லை. ரம்பம் மரத்தின் பாதிக்கு வருவதற்குள் காட்சி முடிந்து, அடுத்துப் பொறியாளரின் வீட்டுத் தோட்டத்தில் அந்த நாய் ஓடுகிறது.

இன்றைய தவறு எது என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் பெரியவருக்கு யாரோ ஒருவரைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதே திரையில், ஒரு சாண் தள்ளி, இவர் நின்றிருந்தார். இவர்தான் என்றும் நிச்சயம் இல்லை. ஒரு பட்டறையில் எத்தனை இடது கைக்காரர்கள் இருந்தார்களோ. ஆனால் படத்தில் ஒருவர்தான்.

மார்ச் 12, புதன்

நேற்று வகுப்பு இருந்ததால் எழுதவில்லை. அது பொய், வகுப்பு எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

பெரியவர் நேற்றும் வந்தார், இன்றும் வந்தார். கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள், இன்னும் தெளிவாகத் தெரிகிறதாம். "அப்பா இப்பத்தான் நல்லா வெளிச்சத்துல நிக்கிறாரு" என்றார். நான் தப்பான பக்கமாகவே சுற்றினேன்.

அக்கா இன்று பெரிய செய்தியோடு வந்தார். காப்பகத்தின் ஆண்டு மலரில் இதைப் போடப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை போட்டோகிராஃபர் வருகிறார். பெரியவரைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, 'தந்தையைக் கண்டெடுத்த மகன்' என்று தலைப்பு.

"அக்கா, அச்சுல வந்துட்டா அதுதான் நெஜம்னு ஆகிடும்."

"ஆகட்டுமே. யாருக்குக் கெடுதல்?"

"படத்துல இருக்கறவருக்கு. அவருக்கும் யாராவது இருப்பாங்கல்ல?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு என் மேல் கோபம் வரும்போதெல்லாம் அதைத் துடைப்பார். "இதோ பாரு. நீ சொல்றதுன்னா நீயே சொல்லு. என்னை இழுக்காத. சொல்லிட்டு அந்த ஆளை அழவச்சு அனுப்பின பாவமும் உன்னோட கணக்குலதான்."

வலக்கைக்காரர் ஒருவர், இடக்கைக்காரர் ஒருவர். ஒருவருக்கு முகம் இருக்கிறது, பெரியவரோடு சம்பந்தம் இல்லை. இன்னொருவருக்குச் சம்பந்தம் இருக்கலாம், முகம் இல்லை. சொன்னால், முகத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு முதுகைக் கொடுக்க வேண்டும்.

நாளை: ரீலைச் சரியான பக்கமாக மாட்டி வைத்துவிட்டு, அவர் வரும்வரை அதைத் தொடாமல் இருப்பது.

மார்ச் 13, வியாழன்

தொடாமல் இருந்தேன்.

பெரியவர் உட்கார்ந்தார். நான் சுற்றினேன். பட்டறை வந்தது.

"ஏம்மா, என்ன இன்னைக்கு எல்லாரும் பக்கம் மாறி நிக்கிறாங்க?"

நிறுத்தினேன். முதலில் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். பிறகு சரக்கு வண்டியின் எண்ணைக் காட்டினேன். தச்சரைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவர் திரையில் சுத்தியல் பிடித்த கையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார்.

"அப்ப திருப்பிப் போடு" என்றார்.

"ஐயா..."

"நேத்து வரைக்கும் போட்டேல்ல? அதே மாதிரி போடு. அவ்வளவுதானே வேலை?"

"அது தப்புங்கய்யா."

"தப்பாவே இருக்கட்டும். உனக்கென்ன நஷ்டம்?"

நான் ரீலைத் தொடவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வர்றதுக்கு முந்தின நாளே."

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் திரையைத்தான் பார்த்திருக்கிறார். என்னை அப்படிப் பார்த்தது இல்லை. "ஏன் சொல்லல?"

வேறு எத்தனையோ காரணம் தயாராக வைத்திருந்தேன். "சொன்னா நீங்க மறுநாள் வர மாட்டீங்கன்னு" என்றுதான் வந்தது.

"நல்ல ஆளும்மா நீ" என்றார். திட்டாகச் சொன்னாரா, வேறு விதமாகவா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "சட்டம் வாங்கிப் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கேன். ஒரு வாரமா காலையில எழுந்ததும் அதுக்கு முன்னாடி நின்னு பேசுறேன். யாரோ எவரோ. என் முழங்கால் வலி வரைக்கும் அவருக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கினேன். "இன்னொருத்தர் இருக்காருங்கய்யா" என்றேன்.

கோடியில், சுவர் ஓரத்தைக் காட்டினேன். சுற்றினேன். இடது தோள் போனது, வந்தது. நாய் ஓடியது.

பெரியவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

"எங்கம்மா இன்னொன்னும் சொல்லுவா" என்றார் பிறகு. "இடது கைக்காரன் முழங்கை பக்கத்துல நிக்கிறவனை இடிக்கும்னு, மேஸ்திரி அவரை எப்பவும் கோடியில, தனியாத்தான் நிறுத்துவாராம். யார் கூடவும் பேச முடியாதாம். வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறப்பாராம்."

"இதை நீங்க சொல்லவே இல்லையே ஐயா."

"உன் படத்துல அவர் நடுவுல நின்னாரு. பொருந்தல. அதனால சொல்லல." அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "நீ மட்டும்தான் மறைச்சியா?"

நான் பின்னோக்கிச் சுற்றி, ரம்பக்காரர் தெரியும் இடத்தில் நிறுத்தினேன்.

"திரும்புவாரா?"

"மாட்டாருங்கய்யா. அதோட காட்சி முடியுது."

"வேற பெட்டியில?"

"மத்த எல்லாப் பெட்டியும் திறந்தாச்சு. பட்டறை இதுல மட்டும்தான்."

"இன்னொரு தடவை சுத்து."

சுற்றினேன். அவர் கேட்டபோதெல்லாம் சுற்றினேன். கடைசியில் மெதுவாக, ஒவ்வொரு ஃப்ரேமாகச் சுற்றச் சொன்னார். காட்சி முடிகிற இடத்தில் ரம்பக்காரரின் காது மட்டும் ஓர் ஓரமாகத் தெரிகிறது. அதில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். மூக்கைப் பற்றிச் சொன்னதுபோல் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடையது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுந்து பையை மடித்துக்கொண்டார். வாசல் வரை போய், "நாளைக்கு அந்தப் போட்டோக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

அவர் போனபிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்தினேன். மறுபடி இழுத்துப் போட்டேன். பிறகு வேலை பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைய தவறு: சொல்வதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் என்னையே நான் தடவிக்கொடுக்கிற மாதிரி ஆகும்.

காலையில் அக்காவிடம் சொன்னேன். "நல்லா கெடுத்தே" என்றார். சிறிது நேரம் கழித்து என் அறைக்கு வந்து நின்றார். ஆறாம் பெட்டியின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "சரி. அட்டையில என்ன எழுதப் போறே?"

"நடுவுல இருக்கறவர் பெயர் தெரியவில்லைன்னு. ரம்பக்காரர் இடக்கைக்காரர், முகம் தெரியவில்லைன்னு."

"மகன் அடையாளம் காட்டினாருன்னு?"

"அவர் அப்படிச் சொல்லலக்கா."

"சரி, எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டோகிராஃபருக்கு அவரே போன் செய்து வேண்டாம் என்று சொன்னதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டேன். என் பெயரை எடுக்கவில்லை.

பெரியவர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தேன். இந்த அறை எப்போதும் இவ்வளவு அமைதியாகத்தான் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. மேசையில் ரீல் மாட்டியிருந்தது; நான் சுற்றவில்லை. சுற்றாவிட்டால் அவர்களும் அசைய மாட்டார்கள். நடுவில் நிற்கும் தச்சரை முதல் தடவையாக யாருடைய அப்பாவாகவும் இல்லாமல் பார்த்தேன். வலுவான ஆள். கேமரா தன்னைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரைத் தேடி யாரும் வரவில்லை, இனிமேலும் வர மாட்டார்கள் என்று தோன்றியது. அவருடைய போட்டோவைத் திருத்தி, சரியான பக்கமாகக் கண்ணாடிப் பெட்டியில் திரும்ப வைக்க வேண்டும்.

மாலை வகுப்புக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, லிஃப்ட்காரர் வந்துட்டுப் போனாரு."

"எப்பண்ணே? மேல வரலையே?"

"மூணு மணி இருக்கும். மேல போங்கன்னேன். வேணாம்னுட்டாரு." மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நான் அச்செடுத்துக் கொடுத்த தச்சர் போட்டோ. ஓரங்களில் சட்டம் அழுத்திய தடம் இருந்தது. "சட்டத்தைக் கழட்டி அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. படத்தை மட்டும் உங்கிட்டக் குடுக்கச் சொன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சட்டம் காலியா கிடக்குதாம். ஓரத்துல நிக்கிறவரை அதே அளவுல எடுக்கச் சொன்னாரு. உனக்குத் தெரியும்னாரு." அண்ணன் தன் சட்டைப்பையைத் தடவி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். விலாசம். "போஸ்ட்ல அனுப்பினா போதுமாம். இனிமே இவ்வளவு தூரம் நடக்க முடியலையாம்."

தினமும் நடந்து வந்தவர்தான். காகிதத்தை உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

வகுப்பில் சார், ஒரு பொருளை எப்போது 'அடையாளம் தெரிந்தது' என்று பதிவு செய்யலாம் என்பதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

நாளை சனிக்கிழமை, அரை நாள் வேலை: ஆறாம் பெட்டி, பட்டறைக் காட்சி, ரம்பம் இழுப்பவர். ஓரத்து எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுவது. காது தெரியும் இடத்தில் நிறுத்திப் பிரதி எடுப்பது, அதே அளவு. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து, தபால் நிலையம் மூடுவதற்குள் அனுப்புவது.